எங்கள் வீட்டுக்கு வந்த நடுங்கும் கிடா

“அம்மா, அய்யா இன்னொருவாட்டி அந்தப் பொட்டியில ஆட்டுத் தலய வெச்சாருன்னா, நான் அதுலேர்ந்து தயிரு எடுக்க மாட்டேன். கண்ணு ரெண்டும் தொறந்துகினு என்னையே பாக்குது. சொல்லிட்டேன், ஆமா!”

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அஞ்சலை, சமையலறை நடுவில் இடுப்பில் கை வைத்து நின்று இதைச் சொன்னாள். “எடுக்காதே போ, நானே எடுத்துக்கறேன்” என்று நானும் பதிலுக்குக் கத்திவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தேன். அது என்னையும் பார்த்தது. அன்று மதியம் எங்கள் வீட்டில் யாரும் தயிர் சாப்பிடவில்லை.

ஆராய்ச்சி என்பது ஒருவர் செய்வது, அவர் வீட்டில் இருப்பவர்கள் அனுபவிப்பது. என்னைப் போல ஆராய்ச்சியாளரைக் கட்டிக்கொண்டு விழிக்கும் சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கணவர் விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் ஆசிரியர். வீடு திண்டிவனத்தில். எண்பதுகளின் பெரும்பகுதியை அவர் ஆட்டு மூளையில் செலவழித்தார்.

சீமையில் ஆடுகளுக்கு ஒரு நோய் உண்டாம். உடம்பை எதிலாவது உரசிக்கொண்டே இருக்குமாம், நடுங்குமாம், தள்ளாடுமாம், செத்துப்போகுமாம். மூளையை அறுத்துப் பார்த்தால் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்குமாம். இதற்குக் காரணம் கிருமி இல்லை, வெறும் புரதம்தான் என்று வெளிநாட்டில் அப்போதுதான் சொல்ல ஆரம்பித்து, அதற்குப் பிரியான் என்று பெயரும் வைத்திருந்தார்கள். பாதிப் பேர் நம்பவில்லை. இவர் நம்பினார். அந்த நோய் நம் பக்கத்து ஆடுகளுக்கும் இருக்கிறதா என்று தேடுவதுதான் இவர் வேலை. உள்ளே புகுந்த நோய் வெளியே தெரிய வருஷக்கணக்கில் ஆகும். அதற்காக அவர் காத்திருந்தார். அவர் சாப்பிட வருவதற்காக நான் காத்திருந்தேன்.

எந்த டாக்டர்?

வாசலில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுப் பலகை மாட்டியது இவர் செய்த முதல் தப்பு. மரக்காணத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா ஒருவர் இருமலோடு படியேறி வந்தார். “நான் அந்த டாக்டர் இல்லம்மா. ஆடு சம்பந்தமா ஆராய்ச்சி பண்றவன்” என்றார் இவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மறுவாரம் அதே அம்மா, வயிறு உப்பிய வெள்ளாடு ஒன்றைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

“நான் அந்த டாக்டரும் இல்லம்மா. செத்த பிறகு மூளையை மட்டும்தான் பார்ப்பேன்” என்று இவர் விளக்கினார். அந்த அம்மா ஆட்டை இழுத்துக்கொண்டு இறங்கிப் போகும்போது என்னிடம் கேட்டார்: “மனுசனுக்கும் பாக்க மாட்டாரு, ஆட்டுக்கும் உசுரோட பாக்க மாட்டாரு. இவர வெச்சிகினு நீ என்னாம்மா பண்ற?”

குக்கர் போன கதை

கல்லூரியில் கண்ணாடிச் சாமான்களை நீராவியில் வேக வைத்துச் சுத்தம் செய்யும் இயந்திரம் பழுதானது. கல்யாணத்துக்கு என் அக்கா வாங்கிக் கொடுத்த குக்கரை, “ரெண்டே நாள், சரோஜா” என்று சொல்லி எடுத்துப் போனார். இரண்டு நாள் மூன்று வாரமானது. பருப்பு வேகவில்லை, என் பொறுமை வெந்துவிட்டது. அப்போதுதான் மெதுவாகச் சொல்கிறார், அவர் தேடுகிற சாமான் கொதிக்க வைத்தாலும் சாகாதாம், காஸ்டிக் சோடாக் காரத்தில் ஊறப் போட்டால்தான் அடங்குமாம்.

“அப்ப என் குக்கர் எதுக்கு?” என்றேன். “ஒரு மனத் திருப்திக்கு” என்றார். நான் கான்வென்டில் படித்தவள். கன்னியாஸ்திரீகள் கோபத்தை அடக்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அன்று அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வரவில்லை. நான் போட்ட சத்தத்தில் மறுநாளே கல்லூரி அட்டெண்டர் கோவிந்தன் குக்கரைப் பையில் போட்டு எடுத்து வந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “அம்மா, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்க. இதுல என்னா வெந்துச்சின்னு எனக்குத் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை மூளை

ஞாயிறு காலையில் இவர் கறிக்கடையில் முதல் ஆளாக நிற்பார். மூளை வறுவலுக்காக என்று தெரு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. கறிக்கடை பாய்க்கு மட்டும்தான் நிஜம் தெரியும். ஒருநாள் என்னைக் கடைத்தெருவில் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டார்: “எல்லாரும் எலும்பு கொஞ்சமா போடு பாய், ஜல்தி குடு பாய்னு கேப்பாங்கம்மா. சார் ஒருத்தருதான், ‘இந்த ஆடு நேத்து எப்டி நடந்துச்சு’ன்னு கேக்குறாரு. பேஜாரா கீதும்மா.”

எட்டு வருஷம் இப்படிப் போனது. எட்டு வருஷத்து மூளைகளும் பழுதில்லாத, ஓட்டையில்லாத, ஆரோக்கியமான மூளைகள். ஊருக்கு நல்லது, இவருக்குக் கெட்டது. கல்லூரியில் இவருக்கென்று ஓர் அறை உண்டு. ஒரு மைக்ரோஸ்கோப், இரண்டு அலமாரி, ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். எங்கள் இரண்டு பெண்களின் பிறந்தநாளை மறந்தவருக்கு, அந்த அறையின் ஜன்னல் கொக்கி எந்தக் காற்றுக்குக் கழலும் என்பது தெரியும். பிரின்சிபால் கூப்பிட்டு முடிவாகச் சொன்னார்: “மார்ச்சுக்குள்ள எதையாவது கண்டுபிடிச்சுக் காட்டுங்க. இல்லன்னா அந்த ரூமை ஸ்போர்ட்ஸ் சாமான் வைக்க எடுத்துக்குவோம்.”

தண்ணீர் ஊற்றாமலே

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் முகையூர்ப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து சேதியைச் சொன்னார். ஏழுமலை என்ற விவசாயியின் கிடா ஒன்று சுவரெல்லாம் உரசுகிறது, நின்ற இடத்தில் நடுங்குகிறது. மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக ஆனதற்கு அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா. வெள்ளிக்கிழமை வெட்டப்போகிறார்கள். தலை பூசாரிக்கு, கறி ஊருக்கு. “நோய் இருந்தா யாரும் திங்கக் கூடாது சரோஜா. இருக்கான்னு தெரியணும்னா அது தானா முத்தணும், வெட்டக் கூடாது” என்றார். தன் வாய் சாமர்த்தியம் போதாது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தப் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால், அதாவது துலுக்கினால், அம்மன் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம். அப்புறம்தான் வெட்டு. ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டார். “சார், எல்லா ஆடும் தண்ணி ஊத்தினாத்தான் துலுக்கும். இது ஊத்தாமலே ஒரு மாசமா துலுக்கிகினு கீது. ஆத்தா அவ்ளோ ஆசையா கேக்குறா. நீங்க நடுவுல பூந்தா எப்டி?”

நான்தான் பேசினேன். உடம்பு சரியில்லாததை அம்மனுக்குக் கொடுக்கலாமா, அதைவிடக் கொழுத்ததாக ஒன்று நாங்கள் தருகிறோம் என்றேன். ஏழுமலையின் மனைவி முதலில் தலையாட்டினார், பிறகு ஏழுமலை. வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பானையில் பொங்கல் பொங்கியது, எங்கள் புதுக் கிடா மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அது அசையவில்லை. இரண்டாம் செம்பு. மூன்றாம் செம்பு. ஊரே திரும்பி இவரைப் பார்த்தது. பக்கத்தில் கட்டியிருந்த பழைய கிடா மட்டும் விடாமல் துலுக்கிக்கொண்டிருந்தது. ஏழாவது செம்பில் எங்கள் கிடா ஒரு தரம் உதறியது பாருங்கள், எனக்கு மூச்சு வந்தது. பூசாரி அரிவாளை எடுத்துக்கொண்டே சொன்னார்: “ஆட்டுக்காவ ஒத்துக்கல சார். உங்க மூஞ்சியப் பாத்து, அய்யோ பாவம்னு ஒத்துக்கினா.”

சுவரில் இல்லாத தடம்

பழைய கிடா எங்கள் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்தது. இவர் எனக்கு ஒரு நோட்டும் ஓர் உத்தரவும் கொடுத்தார். மருந்து எதுவும் போடக் கூடாது, மாட்டு டாக்டரைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் அவர் குணப்படுத்திவிடுவாராம். நான் பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். எழுதினேன். காலை ஏழு மணி, சுவரில் உரசல். ஏழு இருபது, துவைக்கிற கல்லில் உரசல். ஏழரை, என் புடவையில் உரசல்.

மார்கழி பிறந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொடியைப் போட்டால்கூடத் தின்ன விடாமல் அரிப்பு அதைப் பிடுங்கியது. கழுத்தில் ரோமம் போய்ப் புண். நம் வீட்டுப் பிள்ளை இப்படிச் சொறிந்துகொண்டு நின்றால் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருப்போமா? அவர் பாசஞ்சர் ரயிலைப் பிடிக்கப் போனதும் நானும் அஞ்சலையும் கிடாவைப் பிடித்து, காதுக்குள்ளிருந்து வால் வரைக்கும் வேப்பெண்ணெயும் மஞ்சளும் தேய்த்துக் குளிப்பாட்டினோம். ஒரு தரம் இல்லை, நாலு தரம். பொங்கலுக்குள் உரசல் நின்றது, நடுக்கம் நின்றது. கிடா என்னைக் கண்டால் துள்ளியது.

எனக்குத்தான் நடுக்கம் பிடித்தது. மார்ச்சுக்கு இன்னும் இரண்டே மாதம். அந்த அறை, அந்த ஸ்டூல், அந்த ஜன்னல் கொக்கி. சகோதரிகளே, கான்வென்டில் பொய்க்கு முட்டி போட வைத்தவர்களை நினைத்துக்கொண்டே எழுதினேன்: காலை ஏழு மணி, சுவரில் உரசல். ஒன்பது நாள் எழுதினேன். ஒன்பதாம் நாள் இவர் நோட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர். அதில் ஒரு ரோமம் இல்லை, ஒரு தடம் இல்லை. வேப்பெண்ணெய்க் கதையைச் சொல்லிவிட்டு, திட்டுவார் என்று நின்றேன். எண்ணெய் தேய்த்த துணியைக் கேட்டு வாங்கி, என்னையும் கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போய், அதில் ஒட்டியிருந்ததை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். எட்டுக் காலோடு ஒரு சொறிப்பூச்சி. “முதல் நாளே நான் பாத்திருக்கணும். பாத்தா இதுவாத்தான் இருக்கும்னு பயந்தேன், பாக்கல” என்றார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். “அந்த ஒன்பது நாளையும் அடிச்சிட்டு நிஜத்தை எழுது, சரோஜா. உன் கையெழுத்து நல்லா இருக்கு.”

தை முடிவதற்குள் ஏழுமலை கிடாவைப் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னதை எங்கள் வீட்டில் யாரும் இன்றுவரை மறக்கவில்லை: “வேப்பெண்ண எங்கூட்டுலயும் இருந்திச்சு சார். நான் சாமின்னு நெனச்சிகினு இருந்தேன். நீங்க நோயின்னு நெனச்சிகினு இருந்தீங்க. அம்மா ஒருத்தங்கதான் இத ஆடுன்னு நெனச்சாங்க.”

விண்ணப்பம்

இவர் தானாகவே பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுத்தார்: இதுவரை பார்த்த ஆடுகளில் அந்த நோய் இல்லை. மார்ச் கடைசியில் அறையில் கூடைப்பந்துகள் குடியேறின. மைக்ரோஸ்கோப் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. அலமாரிகள் பூஜை அறை வாசலில் நிற்கின்றன. அம்மனுக்கு மாற்றுக் கொடுத்து மீட்ட கிடாவைத் திரும்ப வாங்கக் கூடாது என்று ஏழுமலை கையை விரித்துவிட்டதால், கிடா கொல்லையில் என் கீரையைத் தின்றுகொண்டிருக்கிறது. இவர் அதைப் பார்த்து, “இன்னும் பாத்துக்கிட்டே இருக்கணும், பல வருஷம் கழிச்சும் அந்த நோய் வரலாம்” என்கிறார்.

அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், அவருக்குத் தெரியாமல் பிரின்சிபாலுக்கு நானே இங்கிலீஷில் ஒரு கடிதம் டைப் அடித்து அனுப்பினேன். வேண்டியதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி அறையை வைத்துக்கொண்டிருக்கலாம், அதற்கு நோட்டில் ஒன்பது நாள் தயாராகவும் இருந்தது, இவர் செய்யவில்லை என்று எழுதினேன். இரண்டு தரம் நினைவூட்டியும் பதில் வரவில்லை. கடைசி வரியை மட்டும் இங்கே தமிழில் தருகிறேன்: “ஆகவே அய்யா, அந்த அறையை அவரிடமே திருப்பிக் கொடுங்கள், முடியாதென்றால், ஒரு விஞ்ஞானி, ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு கிடா இவ்வளவும் போக எங்கள் வீட்டில் இடம் மிச்சமில்லாததால், உங்கள் கூடைப்பந்துகளுக்குப் பக்கத்தில் எனக்காவது ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுக்க வேண்டுகிறேன்.”