பச்சைத் தமெய்ன்

1995 நவம்பர் 18, சனிக்கிழமை. வழக்கம்போல விடிவதற்கு முன் எழுந்து, குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் வாளிகளை நிரப்பினேன். கீழே தெருமுனையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் வாங்கி வந்து அம்மாவும் நானும் சாப்பிட்டோம். பிறகு என் பச்சைத் தமெய்னை ஓரத்தோடு ஓரம் பொருந்த மடித்துத் தோள்பையில் வைத்துக்கொண்டேன். தமெய்ன் என்பது யாங்கோனில் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் லுங்கி. அன்று மாலை எங்கள் கல்லூரிப் பெண்கள் அணிக்குக் கூடைப்பந்து இறுதி ஆட்டம். ஆதரவாளர்கள் எல்லோரும் பச்சை கட்டி வரவேண்டும் என்று பேச்சு.

எனக்குப் பந்து போடத் தெரியாது. நான் பாடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவள். ஒரு கிட்டார், ஒரு முரசு, சினிமா மெட்டில் நாங்களே கட்டிய வரிகள். பரீட்சை எழுதி முடித்து முடிவுக்காகக் காத்திருந்த காலத்திலும் ஓர் ஆட்டத்தைக்கூட நான் தவறவிட்டதில்லை.

அந்த வாரத் திங்கட்கிழமைதான் லான்மடா பகுதியில் ஒரு சரக்கு ஏஜென்சி அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பிரசவத்துக்குப் போன ஒரு பெண்ணின் இடம். மூன்று மாதம். சுங்கப் படிவங்களுக்கு நடுவே கார்பன் தாள் வைத்து டைப் அடிப்பது, பிரிப்பது, முத்திரை குத்துவது, மறுபடியும் கார்பன் வைப்பது. இதைத் தவிர வேறு வேலை இல்லை. டைப்ரைட்டரின் தட்டலில் எங்கள் பாட்டின் தாளத்தை ஏற்றிக்கொண்டுதான் பொழுதைத் தள்ளினேன். ஆனால் அந்த வேலை எனக்கு வேண்டும். வீட்டில் சம்பாதிப்பவர் அம்மா ஒருவர்தான், அவருக்கும் கண் மங்கித் தையல் குறைந்துவிட்டது.

வேலையை வாங்கிக் கொடுத்தவர் அங்கே இருந்த மூத்த கிளார்க். தமிழர். அண்ணன் என்று கூப்பிடுவேன். முதலாளி பர்மியர். அங்கே மேலதிகாரியை 'சயா' என்றுதான் அழைக்க வேண்டும்.

எனக்கென்று மேஜை கிடையாது. சயாவின் நாற்காலிக்குப் பின்னால் சுவரோரம் ஒரு ஸ்டூலும் டைப்ரைட்டரும். முதல் நாள் பையைத் தரையில் வைத்தேன். சயா திரும்பிப் பார்த்து, "தரையில வைக்காதே, யாராவது தடுக்கி விழுவாங்க. அதோ அந்த ஆணியில மாட்டு" என்று கையைக் காட்டினார். பழைய காலண்டர் தொங்கிய ஆணி, அவர் தலைக்கு நேர் மேலே. அண்ணன் எதிர் மேஜையில் இருந்தார். தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அதைக் கேட்டார். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் மாட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை. முடியப் போகிற நேரத்தில் இரண்டு வியாபாரிகள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுடைய மோட்டார் உதிரிபாகங்கள் துறைமுகத்தில் பல நாட்களாக முடங்கிக் கிடந்தன. சயா அவர்களைச் சமாளிக்கச் சிரித்தபடி நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்தார். நாற்காலி சுவரில் மோதியது. ஈரம் ஊறிய சுவர், ஆணி காரையோடு பெயர்ந்து வந்துவிட்டது. பை கவிழ்ந்து, நான் அத்தனை ஒழுங்காக மடித்து வைத்திருந்த தமெய்ன் விரிந்து அவர் தலையில் விழுந்தது.

வியாபாரிகளில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

பர்மாவைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஆண்களுக்குப் பிறவியிலேயே ஒரு தேஜஸ் உண்டு, பெண் இடுப்பில் கட்டுகிற துணி அவர்கள் தலைக்கு மேலே வந்தால் அது போய்விடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. துணி காயப் போடும் கொடியைக்கூட அதற்காகத் தாழ்வாகத்தான் கட்டுவார்கள். எனக்கும் அது தெரியும். பைக்குள் மடித்து வைத்ததை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. பதறிப்போய் எழுந்து கைகூப்பி, "மன்னிச்சிடுங்க சயா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"கலாமா!" என்று அவர் கத்தினார். நம் இந்திய வம்சத்துப் பெண்களை மட்டம் தட்டச் சொல்லும் சொல். "உன்னாலதான் இவங்க சரக்கு ஹார்பர்ல கிடக்கு!"

"சரக்கு போன வாரமே மாட்டிக்கிச்சே சயா. நான் திங்கட்கிழமைதானே வந்தேன்" என்றேன். வாயை அடக்கியிருக்கலாம். முடியவில்லை.

சிரித்த வியாபாரி இன்னும் பலமாகச் சிரித்தார். சயாவின் முகம் கறுத்துவிட்டது. "கடோ செய்யச் சொல்லு. இல்லேன்னா திங்கட்கிழமை இவ வர வேண்டாம்" என்றார், என்னிடம் அல்ல, அண்ணனிடம். கடோ என்றால் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிடுவது. புத்தருக்கும் பிக்குகளுக்கும் பெற்றவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் செய்வது.

நான் அண்ணனைப் பார்த்தேன். "அண்ணே, அவர்தானே அந்த ஆணியில மாட்டச் சொன்னாரு? நீங்களும் கேட்டீங்கள்ல?"

"நான் ஒண்ணும் கேக்கல தங்கச்சி" என்றார் அவர். "குனிஞ்சு கும்பிட்டா உன் முதுகு முறிஞ்சா போயிடும்? உனக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

மண்டியிட்டேன். நெற்றி சிமெண்ட் தரையில் பட்டது. அங்கிருந்து எனக்குத் தெரிந்தவை சயாவின் வெல்வெட் செருப்பும் அண்ணனின் கால்களும்தான். நெற்றியை எடுத்தபோது அண்ணன் என் தமெய்னை ஒரு மரஸ்கேலின் நுனியில் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கச் சன்னல் வழியாகச் சந்துக்குள் தள்ளினார்.

நான் எழுந்து ஸ்டூலில் உட்காரும்போது தொலைபேசி அடித்தது. துறைமுகத்திலிருந்து. சரக்கை விடுவித்துவிட்டார்களாம்.

என் நெஞ்சு நிமிர்ந்தது. இப்போது என்ன சொல்வார் என்று பார்த்தேன். சயா ரிசீவரை வைத்துவிட்டு வியாபாரிகளிடம் திரும்பி, "பாத்தீங்களா? கடோ செஞ்ச உடனே தடை விலகிடுச்சு" என்றார். அவர்கள் தலையாட்டினார்கள், சிரித்தவர் உட்பட. "அட, உன்னாலயும் ஒரு நல்லது நடந்திருக்கே தங்கச்சி" என்றார் அண்ணன். எல்லோருக்கும் டீ வந்தது. எனக்கும் ஒரு கோப்பை வைத்தார்கள். குடித்தேன். இதை எழுதும்போதும் அந்தப் பால் டீயின் இனிப்பு என் தொண்டையில் எரிகிறது.

சரக்கு முடங்கியதற்கும் நான் காரணம், வந்ததற்கும் என் மண்டியிடல் காரணம். ஆணியைக் காட்டிய கைக்கு மட்டும் எதிலும் பங்கில்லை!

வெளியே வந்ததும் பின்சந்துக்குப் போனேன். மேல்மாடிகளிலிருந்து குப்பை கொட்டுகிற சந்து. தமெய்ன் சாக்கடை விளிம்பில், மீன் செதில்களுக்கு மேல் கிடந்தது. எடுத்துத் தெருக்குழாயில் அலசிப் பிழிந்தேன். லத்தாவில் ஆட்டம் நடந்த பள்ளி மைதானத்துக்கு நடந்தே போய், அங்கே கழிப்பறையில் மாற்றி, ஈரத்தோடு கட்டிக்கொண்டு வந்து நின்றேன். கிட்டார் வைத்திருந்த தோழி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்டி, தண்ணித் திருவிழாவுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே!"

நான் பாடினேன். பாட்டு என்று சொல்ல முடியாது, கத்தினேன். முரசடித்தவனே திரும்பிப் பார்த்தான். ஈரத் துணி காலோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் அணி ஒரே கூடை வித்தியாசத்தில் தோற்றது. பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தபோது எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் அதற்கு இடம் விடவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஈரத் தமெய்னைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "துவைச்சுப் பின்பக்கக் கொடியில போடு. எதுக்கு வம்பு" என்றார்.

மூன்று மாதமும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து முடித்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு டைப் அடித்தேன். அண்ணனை அதன் பிறகு 'அண்ணன்' என்று கூப்பிடவில்லை. அவர் அதைக் கவனித்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது எனக்குக் கீழும் தற்காலிகமாக வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தவறு செய்துவிட்டு யாராவது என் முன்னால் குனிந்தால் எனக்கு உடம்பு கூசுகிறது, நிமிரச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன். சயாவை நான் மன்னித்திருக்கலாம், அவர் நம்பியதைச் செய்தார். கேட்டதைக் கேட்கவில்லை என்றவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

அந்த ஆட்டத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்ததும், வாளியைக்கூடத் தொடாமல், அந்தப் பச்சைத் தமெய்னை எடுத்துப் போய், தெருவைப் பார்த்த எங்கள் மூன்றாம் மாடி பால்கனியில், நாற்காலி மேல் ஏறி எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கம்பியில், நன்றாக விரித்துக் காயப் போட்டேன்.