கறையில்லாத மூட்டை

எங்கள் லாண்டரியில் கறையக்கா என்றால்தான் அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பதிவேட்டில் போய்த்தான் தேட வேண்டும். படுக்கை விரிப்பை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் போதும், இது ரத்தம், இது காபி, இது தலைக்குப் போட்ட சாயம் என்று சொல்லிவிடுவாள். பதினெட்டு வருடமாக அவள் அழுக்கைப் பிரித்துப் போடுகிறாள், நான் இஸ்திரி போடுகிறேன்.

சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் பக்கத்துப் பெரிய ஊரிலிருந்து வேன் வேனாக மூட்டைகள் வரும். ஓட்டல்களின் பெயர் எங்களுக்கெதற்கு? விரிப்பின் மூலையில் தைத்திருக்கும் நூலின் நிறம்தான் அடையாளம். நீல நூல் மூட்டையைக் கண்டால் அக்காவின் முகம் மலரும், ஒரு கறை இருக்காது. சிவப்பு நூல் வந்தால் வசவுதான். குழந்தை மூத்திரம், வாந்தி, எண்ணெய்ப் பிசுக்கு, சொல்லக் கூசுகிற இன்னும் என்னென்னவோ.

"மனுஷங்களா இதுங்கல்லாம்?" என்பாள்.

அவளுக்கென்று வீட்டில் இருந்தது பட்டன் மட்டும்தான். ஒற்றைக் கண் நாய். அந்த ஒரு கண்ணிலும் புண் வந்துவிட்டது. பெரிய ஊர் டாக்டர் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் என்றார். தவறினால் கண் போய்விடும். அதுவரை தூசு படக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும். முதல் நாளே போய்த் தங்கினால்தான் முடியும். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டாள்.

"எங்கக்கா தங்கறது?"

"நீல நூல்லதான். அங்க வர்றவங்க ஒழுங்கானவங்கடி. பதினெட்டு வருஷமா பாக்கறேன்ல? வேன்காரன்கிட்ட நம்பர் வாங்கி போன்லயும் கேட்டுட்டேன், நாயைக் கூட்டிட்டு வரலாமாம்."

பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருவில் கால் வைக்க இடமில்லை. எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக் கோபுரக் கடிகாரத்தைப் படமெடுத்துக்கொண்டே நடந்தார்கள். காலடியில் ஒரு நாய் வருவது ஒருவர் கண்ணிலும் படவில்லை. இரண்டு பேர் அதன் வாலை மிதித்தார்கள். மூன்றாமவனை அக்கா பிடித்துத் தள்ளினாள். பிறகு பட்டனைத் தூக்கிக்கொண்டாள்.

நீல நூல் ஓட்டல் வாசலில், நாய்களுக்கு அனுமதி உண்டு என்று பலகையே இருந்தது. அதில் ரிப்பன் கட்டிய வெள்ளைக் குட்டி ஒன்றின் படம். மேஜைக்குப் பின்னால் டை கட்டியிருந்தவன் பட்டனைப் பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"இந்த மாதிரி நாய்க்கு இல்லைங்க. கண்ணுல சீழ் வடியுது. ஷீட்டெல்லாம் பாழாயிடும்."

"ஷீட்டைப் பத்தி எனக்கே சொல்றியா? உன் ஷீட்டைத் துவைக்கறதே நான்தான்யா!"

"அப்ப உங்களுக்கே புரியுமே" என்று சிரித்தான். எனக்கே கை பரபரத்தது.

எங்களுக்குப் பின்னால் ஒருத்தி, பஸ்ஸில் வாந்தியெடுத்த குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும், "ரூம் இல்லைங்க" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால் பலகை நிறையச் சாவிகள் தொங்கின. அடுத்து வந்த, கோட்டு மடிப்புக் கலையாத இரண்டு பேருக்கு அதிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

அக்கா அந்தச் சாவிப் பலகையையே பார்த்தாள். வெளியே வந்ததும் வெடித்தாள்.

"அங்க கறை படலைன்னு நெனச்சேனே, மடச்சி! கறை படுத்தறவங்களை உள்ளயே விடலடி!"

மருந்து நேரம் வந்துவிட்டது. நடைபாதையிலேயே உட்கார்ந்து, தூசு விழாமல் குனிந்து மறைத்துக்கொண்டு சொட்டு விட்டாள்.

"வேன்காரனுக்குப் போன் போடு. சிவப்பு நூல் எங்க இருக்குன்னு கேளு."

அது சந்துக்குள் இருந்த பழைய லாட்ஜ். குழந்தைக்காரியும் எங்கள் பின்னாலேயே வந்தாள். லாட்ஜ்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"நாய்க்குக் கண்ணு சரியில்லையா? ஐயோ பாவம். குழந்தைக்கு என்ன? எல்லாரும் உள்ள வாங்க."

"படுக்கையில ஏதாச்சும் பட்டுடும்மா..." என்று நான் இழுத்தேன்.

"பட்டா என்ன? துவைக்க ஆளிருக்காங்க. நல்லா துவைப்பாங்க."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் எட்டு மணிக்கு ஆபரேஷன் நடந்தது. கண் பிழைத்தது.

அடுத்த வேனில் சிவப்பு நூல் மூட்டை வந்தது. சீழும் வாந்தியும் காய்ந்திருந்த விரிப்புகளை அக்கா மெஷினில் போடாமல் கையாலேயே கசக்கினாள். வாயிலிருந்து ஒரு வசவு வரவில்லை. பிறகு நீல நூல் மூட்டை இறங்கியது. வெள்ளை வெளேரென்று, வழக்கம்போல ஒரு பொட்டுக் கறை இல்லை.

அதைக் காலால் எத்தினாள். இன்றைக்கும் அந்த மூட்டையைக் காலால்தான் தள்ளுகிறாள்.