லத்தீன் பூசையில் நன்மை எடுக்கக் கையை நீட்டாதீர்கள்

கட்டாரில் இருக்கும் என் மகளுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஒப்பரேசன். அன்றைக்குக் குருக்கள்மடத்துக்கு அங்கால் ஒரு சின்னக் கோயிலில், வெளியூர்ச் சுவாமி ஒருவர் பழைய முறை லத்தீன் பூசை வைக்கிறார் என்றார்கள். அதில் அவளுக்காக நன்மை, அதுதான் நற்கருணை அப்பம், எடுப்பதாக நேர்ந்துவிட்டேன்.

கல்லடியிலிருந்து ஓட்டோ, ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஐந்தரைக்கு வரச் சொன்ன காத்தான்குடித் தம்பி ஆறுக்குத்தான் வந்தார். வந்தவர் வழியில் பிளேன்ரீ குடிக்க நிறுத்தப் பார்த்தார்.

"வேணாம் தம்பி. நன்மை எடுக்கிற நாள், வெறும் வயிறு."

"நோன்பெண்டு முதலே சொல்லியிருந்தா நான் குடிச்சிட்டே வந்திருப்பனேம்மா."

பிந்தி வந்ததும் அல்லாமல் பகிடி வேறு!

பூசை ஏழு மணிக்கு. முதலில் பாவசங்கீர்த்தனம். எனக்கு முன்னால் போன பெண் அவ்வளவு நேரமாய் என்னத்தைத்தான் சொன்னாவோ. முக்காடு இல்லை என்று என்னோடு வந்த மச்சாளை வாசலில் மறித்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டு, "இது காணுமா கா?" என்றாள். உள்ளே முழுக்க லத்தீன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் பக்கத்தில் இருந்த ரீச்சரும் என்னைப் போலத்தான் முழித்தா.

எங்கள் கோயிலில் வரிசையில் நின்று கையில் வாங்குவோம். இங்கே பீடத்துக்கு முன்னால் இடுப்பளவு கிராதி, அதன்மேல் வெள்ளைத் துணி. முழங்காலில் இருந்து, கையைத் துணிக்குக் கீழே வைத்து, நாக்கில் வாங்க வேண்டுமாம். ஆமெனைக்கூடச் சுவாமியே சொல்லிவிடுவாராம். எனக்கு யார் சொன்னார்கள்? முதல் ஆளாய்ப் போய் இருந்து இரண்டு கையையும் நீட்டினேன். சுவாமி தலையை ஆட்டினார். நான் கையை இன்னும் உயர்த்தினேன். அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அடுத்த ஆள் மச்சாள். என்னைப் பார்த்தே பாடம் படித்து, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரம்! பிள்ளை அங்கே கத்திக்குக் கீழே கிடக்கிறாள், இங்கே என்னைத் தாண்டிப் போகிறார். எழும்பி வீட்டுக்குப் போகலாம் என்றால் முழங்கால் பிடித்துக்கொண்டது.

"எழும்பு மச்சாள், பின்னால சனம் நிக்குது," என்று அவள் என் தோளில் தட்டினாள்.

"ஏலாது கா. கால் வரமாட்டன் எண்ணுது."

"அப்ப இரி. கையக் கீழ போட்டு, வாயத் திற."

இரண்டு பக்கமும் புது ஆட்கள் வந்து முழங்காலில் இருந்தார்கள். சுவாமி திரும்பவும் தொடக்கத்திலிருந்து வந்தார். வாயைத் திறந்தேன். தந்தார். மச்சாளும் ரீச்சரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் என்னைத் தூக்கினார்கள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் ஆளாய்ப் போகாதீர்கள். நாலு பேர் வாங்குவதைப் பார்த்துவிட்டுப் போங்கள். முழங்கால் ஏலாதவர்கள் நின்றே வாங்கலாமாம். பூசை முடிந்து எட்டே முக்காலுக்குத்தான் அதைச் சொன்னார்கள். வாசலில் ஒரு மட்டையில் எழுதிப் போட்டால் கை தேய்ந்துவிடுமா? ஆனாலும் அன்றைக்கு அந்தக் கால் என் சொல்லைக் கேட்டிருந்தால், கோபத்தில் வெறுமனே திரும்பியிருப்பேன்.

பின்னேரம் மகள் போன் எடுத்தாள். குரல் கம்மிக் கிடந்தது.

"நன்மை எடுத்தீங்களா அம்மா?"

"எடுத்தன் மகள்."

இரண்டாம் சுற்றில் என்று அவளுக்குச் சொல்லவில்லை.