ஸ்தோத்திரம் சொல்ல மறுத்த வெள்ளிக்கிழமை

ஆண்டவருக்குப் பிரியமானவர்களே, அவரோடு நான் சண்டை போட்டதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

மூன்று வருடங்களாக என் வலது கன்னத்தில் தாங்க முடியாத வலி. பல் தேய்த்தால் வலி. சோற்றை மென்றால் வலி. கார்த்திகைக் குளிர்காற்று பட்டாலே உயிர் போகும். வேங்கிக்காலில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். வாயைத் திறக்காமல் எப்படிப் பாடம் நடத்துவது? சொத்தைப் பல் என்று இரண்டைப் பிடுங்கியாயிற்று. பல்தான் போனது, வலி போகவில்லை.

எங்கள் ஜெபக் குழு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடும். ஆளுக்கொரு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். குறை சொன்னால் அது முறுமுறுப்பு என்ற பாவம். சுகமாகிவிட்டது என்று வாயால் அறிக்கையிட்டால்தான் சுகம் வரும் என்று நம்பினோம். நானும் கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, "கர்த்தர் சுகம் கொடுத்துட்டாரு, ஸ்தோத்திரம்" என்பேன்.

ஒருநாள் வகுப்பிலேயே வலியில் அழுதுவிட்டேன். "முடியலன்னா விட்டுடுங்க டீச்சர், வேற ஆளப் பாத்துக்கறோம்" என்றார் தலைமை ஆசிரியை. அன்று வெள்ளிக்கிழமை, பௌர்ணமி வேறு. கிரிவலக் கூட்டத்தில் பஸ் நகராமல் தாமதமாகத்தான் ஜெபத்துக்குப் போனேன். என் முறை வந்தது. ஸ்தோத்திரம் வரவில்லை.

"ஆண்டவரே, இன்னிக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். வலிக்குது! காத்து பட்டாக்கூட கன்னத்துல கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்குது. இன்னும் எத்தன நாளு? உம்ம காதுல விழலயா? பதில் சொல்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்!"

மூத்த சகோதரி ஒருவர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

வாராவாரம் என் பக்கத்தில் உட்காரும் ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். "அக்கா, எங்கப்பாவுக்கும் இதே மாதிரிதான் கரண்ட் அடிக்கும். அது பல்லு இல்லக்கா, நரம்பு. மாத்திரையிலயே கம்மியாயிடுச்சு. நரம்பு டாக்டரப் பாருங்க. ஏங்க்கா இத்தன நாளு சொல்லல?"

பதிலை ஆண்டவர் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார். நான்தான் வாயைத் திறக்கவில்லை.

வேலூரில் போய்ப் பார்த்த நரம்பு டாக்டரும் அதையே சொன்னார். மாத்திரை சாப்பிட்ட சில நாளில் வலி அடங்கியது. ஒரு முறுக்கைக் கடித்துத் தின்றேன், சந்தோஷத்தில் அழுதேன். குளிர்காலத்தில் வலி இன்னும் எட்டிப் பார்க்கிறது. நானும் விடுவதில்லை, உடனே ஆண்டவரிடம் முறையிடுகிறேன். வேலையையும் விடவில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். உங்கள் வேதனைக்கும் பூச்சுப் பூசாதீர்கள். கோபத்தோடு போனாலும் அவரிடமே போங்கள்.

நான் சண்டை போட்டதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, முகம் சுளித்த சகோதரியின் முறை வந்தது. "ஆண்டவரே, என் பையன் வீட்ட விட்டுப் போயி ஒரு வருஷமாவுது" என்று கதறினார்.