உருளையை நெருங்கும் குச்சிப் பெண்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஒன்பது வருட வேலை. சூடேறிச் சுழலும் பெரிய உருளைகளுக்குள் ஈர விரிப்பைக் கொடுத்தால் மறுபக்கம் சுருக்கம் நீங்கி வெளிவரும். அந்த உருளைதான் போன மாதம் அங்கேயே வேலை பார்த்த அவளுடைய அண்ணியின் மூன்று விரல்களைக் கொண்டுபோனது. அப்போது பக்கத்தில் நின்றிருந்தவள் அவள்தான். அன்றிலிருந்து இயந்திரம் உறுமத் தொடங்கினாலே அவள் ஓரடி பின்வாங்கினாள்.

புதிதாக ஆறு பேர் வேலைக்குச் சேரவிருந்தார்கள். ஆளுக்கொரு பாஷை. எழுதி ஒட்டினால் யாருக்குப் புரியும்? சலவை அட்டைகளின் பின்னால் அவள் குச்சி மனிதர்களைக் கிறுக்குவதைப் பார்த்திருந்த சூப்பர்வைசர், நடந்த விபத்தை அப்படியே அசையும் படமாக்கித் தரச் சொன்னார். அவள் ஒப்புக்கொண்டாள்.

படம் படமாக வரைந்து ஓட்டும் செயலி ஒன்றைப் போனில் இறக்கினாள். முதல் குச்சிப் பெண் நடந்ததைப் பார்த்த கணவன், “இது நடக்குதா, சோப்புத் தண்ணியில வழுக்குதா?” என்றான். அவனையே வீட்டு முன்னறையில் நடக்கவிட்டுப் படம்பிடித்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். காலை எடுத்துவைக்கும் முன்பே உடம்பு சாய்கிறது. பாரம் இறங்கும்போது முழங்கால் மடிகிறது. மெல்ல நகர்வதற்கு நெருக்கமாக நிறையப் படங்கள் வேண்டும். சட்டென்று நகர்வதற்கு இரண்டே போதும். முந்தைய படத்தின் நிழல் அடியில் தெரிய வரைந்தால் கைகால் நீளம் மாறுவதில்லை. பத்து நாளில் குச்சிப் பெண் நடந்தாள், குனிந்தாள், விரிப்பைத் தூக்கினாள்.

கை தேறத் தேறப் பயமும் கூடியது. வழுக்கிக்கொண்டிருந்தவரை அது வெறும் பொம்மை. இப்போது தோளைச் சாய்க்கும் விதத்தில் அது அண்ணியாகவே ஆகிவிட்டது. உருளையை நெருங்கும் இடத்தில் விரல் நின்றுவிடும். அடுத்த படத்தை வரைவது, தானே அண்ணியைப் பிடித்துத் தள்ளுவதுபோல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்து முடித்தாள்.

அண்ணியிடம் காட்டாமல் அதை நாலு பேர் முன்னால் ஓட்ட மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் போனை நீட்டினாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி அண்ணி மூன்று தடவை பார்த்தாள்.

“தப்பா இருக்கு” என்றாள்.

இவள் போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினாள். அண்ணி கொடுக்கவில்லை.

“நானா கையை உள்ள விடல. துணி ஓரம் சுருங்குச்சு. நீவி விடலாம்னு இறுக்கிப் பிடிச்சேன், பிடிச்ச பிடிய நான் விடவே இல்ல. துணிதான் என்னை இழுத்துச்சு. அதை வரை.”

“உங்களால அதைப் பார்க்க முடியுமா அண்ணி?”

“நான் எதுக்குப் பார்க்கணும்? வர்றவங்க பார்க்கட்டும்.”

அண்ணி நல்ல கையால் தலையணை உறையைப் பிடித்து நடித்துக் காட்ட, இவள் படம்பிடித்தாள். திருத்தி வரைந்ததில் விரிப்பு சுருங்குவதற்குப் பதினெட்டுப் படங்கள். கை இழுபடுவதற்கு இரண்டு.

வேலையில் சேர்ந்த அன்று படத்தை ஓட்டிக் காட்டினாள். குச்சிப் பெண் குனிந்து நடந்தபோது சிரித்த புதியவர்கள், அந்த இரண்டு படத்தில் அடங்கிப்போனார்கள். ஒருத்தி விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் விரிப்புதான் உருளையில் சிக்கிச் சுருண்டது. இவள் கத்த வாயெடுப்பதற்குள் அவள் இரண்டு கையையும் விட்டுவிட்டுப் பின்னால் தாவினாள். விரிப்பு கருகி நாறியது. சூப்பர்வைசர் முணுமுணுத்தபடி இயந்திரத்தை நிறுத்தினார். இவளோ ஈரத்துணிக் கூடையின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கருகிய துணியை எடுத்து மறுபடி ஓடவிட அரைமணி ஆயிற்று. அவ்வளவு நேரமும் இவள் அந்தப் பெண்ணின் பத்து விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.