துரைசானி வீட்டு ஜெபம்

ஆஸ்பத்திரியில் இன்று பினாயில் நெடி அடித்ததும், எங்கள் மலையில், வாழவந்தி நாட்டில், அன்று தினமும் பினாயில் போட்டுக் கழுவி, இன்று புதர் மூடிப்போன அந்த மிஷன் வீடு நினைவுக்கு வந்தது. மலைக்காய்ச்சல் வீட்டுக்கு வீடு ஆளைக் கொண்டுபோன காலம். அதில் தாய் தகப்பனை இழந்த என் பெரியப்பா மகள் பொன்னியக்காவை மிஷன் வீட்டு வெள்ளைக்காரத் துரைசானி தன்னோடு வைத்துக்கொண்டாள். சாயங்காலம் தான் வளர்க்கும் பிள்ளைகளைத் தன்னைச் சுற்றி உட்காரவைத்து, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித் துரைசானி ஜெபிப்பாள்; வேலிக்கு வெளியே நின்று அக்காவின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அக்காவிடமே கேட்டேன்.

"அந்தச் சாமிக்கு உன்னை மட்டுந்தான் தெரியுமாக்கா?"

"இல்ல கண்ணு, உன்ற பேரை நான் தெனமும் சொல்றேன்."

பொறாமை தீரவில்லை, கூடியது. எல்லாரையும் இழந்தவளுக்கு அப்படியொரு மனசு எங்கிருந்து வந்தது? அது எனக்கும் வேண்டுமென்றுதான் மறுநாள் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.