சலவைக்கல்லில் சலவை

மகன் கட்டுகிற வீட்டின் குளியலறைக்குக் கல் பார்க்கப் போயிருந்தோம். கடைப் பலகையில் 'சலவைக்கல்' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல். உள்ளே கடைக்காரத் தம்பி, "அம்மா, இதுல புளி, எலுமிச்சை, ஆசிட்டு எதுவும் படக் கூடாது. தண்ணி தேங்காம ஈரத்துணியால துடைச்சாப் போதும்" என்றான். இந்த இரண்டு வாக்கியத்தை அன்றைக்கு ஒருத்தன் சொல்லியிருந்தால்! நான் போட்ட சத்தத்தில் மகன் என்னைக் கூட்டிவந்து வாசலில் உட்கார வைத்துவிட்டான்.

கம்பத்துக்கு மேற்கே மலையில், சக்குபள்ளத்துக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம். வெள்ளைக்காரத் துரை காலம். அண்ணன், மதினி, நான் மூன்று பேரும் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரே அறையில் இருந்தோம். அண்ணனுக்கு மலைக்காய்ச்சல். மதினி பங்களாவில் துணி துவைத்ததால்தான் அந்த அறை எங்களுக்கு நிலைத்தது. வேலை போனால் அறையும் போகும். துவைக்க ஓடைக்கு இறங்க வேண்டும். நனைந்த போர்வையைச் சுமந்து ஏறுவதற்குள் காலெல்லாம் அட்டை. மழைக்கால ஏலக்காட்டு வாசனையை யாராவது புகழ்ந்தால் எனக்கு அட்டைதான் ஞாபகம் வருகிறது. எனக்கு ரசனை போதாது, விடுங்கள்.

துரைசாணி வந்ததும் புதுக் குளியலறை கட்டினார்கள். கம்பத்திலிருந்து மாட்டுவண்டியில் ஏறி வந்தது ஒரு பெரிய வெள்ளைக் கல். பட்லர் மதினியைக் கூப்பிட்டு, "குளிமுறியில சலவைக்கல் போட்டிருக்கு. அது உன் பொறுப்பு. பளபளன்னு இருக்கணும்" என்றார்.

மதினி ஓட்டமாக வந்தாள். "ஏட்டி, தொரைக்கு எம்புட்டு நல்ல மனசு பாத்தியா! வீட்டுக்குள்ளயே சலவைக்கல்லு போட்டுக் குடுத்துட்டாக. இனிமே ஓடைக்கு எறங்க வேண்டாம்டி."

எங்களுக்குச் சலவைக்கல் என்றால் துணி துவைக்கிற கல். மார்பிளுக்கும் அதுதான் பெயரென்று லயத்தில் யாருக்குத் தெரியும்? துரையும் துரைசாணியும் வெளியூர் போயிருந்தபோது, மதினி அதில் போர்வைகளை அடித்துத் துவைத்தாள். பளபளவென்று இருக்கவேண்டுமே என்று புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்தாள். அவர்கள் திரும்பி வந்தபோது கல் மினுமினுப்புச் செத்து, சொறி பிடித்தாற்போலக் கிடந்தது.

விறகு கொண்டுபோன நான் பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். மதினி அழவில்லை. "சலவைக்கல்லுன்னுதானய்யா சொன்னீக? சலவைக்கல்லுல சலவை செய்யாம வேற என்னத்தச் செய்ய?" என்று பட்லரிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் துரைக்குத் தமிழ் தெரியாது, மதினிக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் அதே பட்லர்! என்ன சொன்னானோ பாவி, துரையின் முகம் சிவந்துவிட்டது.

"தொரை முன்னாடி திமிராப் பேசுனியாம். பேரை வெட்டியாச்சு. இன்னைக்கே மலை எறங்கு" என்று துரை சொன்னதாகப் பட்லரே சொன்னான். ஆள்கணக்கில் பேரை வெட்டினால் வேலையும் போச்சு, அறையும் போச்சு.

கொட்டுகிற மழையில் அண்ணனைத் தாங்கிக்கொண்டு இறங்கினோம். அடிவாரத்துக் கூடலூர் போய்ச் சேருமுன் அண்ணன் போய்விட்டார். ஒரு கல்லுக்காக! இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கல்யாணமாகி அதே மலைக்குத் திரும்பினேன். துரை கப்பலேறியிருந்தார். பங்களா சரிந்து கிடந்தது. அந்தக் கல்லை லயத்துப் பெண்கள் பெயர்த்து இழுத்துப்போய் ஓடையோரம் போட்டிருந்தார்கள். துணி துவைக்கத்தான். நானும் துவைத்தேன். அழுக்குப் போன பிறகும் ஓங்கி ஓங்கி அடித்தேன்.

இப்போது பங்களா இல்லை, லயம் இல்லை. அந்தக் கல்லையும் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். மதினியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகனிடம் சிமெண்டுத் தரையே போதும் என்று சொல்லிவிட்டேன். அதில் நான் புளி போட்டுத் தேய்ப்பேன். எவன் வந்து பேரை வெட்டுகிறான், பார்க்கலாம்.